மழையின் கணக்கை எழுதுவோர்

புனே நகரில் சிவாஜி நகர்ப் பகுதியைக் கடக்கும் பேருந்துகளில் நடத்துநர் ‘சிம்லா ஆபீஸ்’ என்று ஒரு நிறுத்தத்தின் பெயரைச் சொல்வார். மராத்வாடா பகுதியின் கிராமக் கிளையொன்றிலிருந்து மாற்றலாகிப் புனேக்கு வந்த புதிதில் அப்பெயர் எனக்கு வியப்பளித்தது. இமயமலைச் சாரலில் இருக்கும் சிம்லாவுக்குத் தக்காணப் பீடபூமியில் என்ன வேலை? உடன் பயணம் செய்த முதியவர் ஒருவர், மரங்களுக்கிடையே தெரிந்த பழைய கற்கட்டடத்தைச் சுட்டிக்காட்டினார். “அது வானிலை அலுவலகம். வெள்ளைக்காரன் காலத்தில் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது. பெயரும் கூடவே வந்துவிட்டது” என்றார்.

அன்று முதல் அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் மராத்வாடாவில் எனக்குப் பழக்கமான ஓர் உழவரின் முகம் நினைவுக்கு வரும். அவர் கேட்ட கேள்வியொன்றுக்கு அப்போது என்னால் விடை சொல்ல இயலவில்லை. அக்கேள்விதான் வணிகவியல் மட்டுமே படித்த என்னை வானிலை ஆராய்ச்சியைப் பற்றித் தேடிப் படிக்கத் தூண்டியது.

இரண்டு முறை வாங்கிய விதை

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் நல்ல மழையுடன் தொடங்கியது. எங்கள் கிளையில் பயிர்க்கடன் பெற்றவர்கள் சோயாவும் பருத்தியும் விதைத்தனர். அதன் பிறகு வானம் வெளுத்துவிட்டது. வாரக்கணக்கில் மழையில்லை. முளைத்த பயிர் நிலத்திலேயே கருகியது. மறுபடியும் விதைக்க வேண்டிய இந்நிலையை மராத்தி உழவர்கள் ‘துபார் பேர்ணி’, அதாவது இரண்டாம் விதைப்பு, என்பார்கள். விதைக்கும் உரத்திற்கும் உழவுக் கூலிக்கும் மறுபடியும் பணம் வேண்டும். கடன் அட்டையின் வரம்போ முதல் விதைப்பிலேயே தீர்ந்திருக்கும்.

ஏழு ஏக்கர் வைத்திருந்த அந்த உழவர், மனைவியின் வளையல்களைத் துணியில் முடிந்துகொண்டு நகைக்கடன் கேட்டு வந்தார். விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்த என்னிடம், “சாகேப், இந்த ஆண்டு மழை குறையும் என்று தில்லியில் முன்பே சொல்லிவிட்டார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் எந்த நாளில் விதைக்கலாம், எந்த நாளில் விதைக்கக் கூடாது என்பதை எனக்கு யார் சொல்வார்கள்?” என்று கேட்டார்.

அவர் கூறியதில் பிழையில்லை. நீண்டகாலச் சராசரியில் 88 விழுக்காடு மழையே கிடைக்கும் என்று அவ்வாண்டு ஜூன் தொடக்கத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்திருந்தது. பருவத்தின் முடிவில் பெய்திருந்த மழை 86 விழுக்காடு. தேசத்தின் கணக்கு ஏறத்தாழ சரியாக இருந்தது. ஆயினும் ஏழு ஏக்கரின் கணக்கு பொய்த்துப் போயிற்று. இவ்விரு கணக்குகளுக்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைப்பதே வானிலை ஆராய்ச்சியின் இன்றைய பெரும் பணி என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பஞ்சத்தில் பிறந்த துறை

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. அதன் பின்னணியில் பெருந்துயரங்கள் உண்டு. 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1866இல் ஒரிசாவில் நேர்ந்த பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அதுவரை மாகாணந்தோறும் தனித்தனியே எழுதப்பட்டு வந்த வானிலைக் குறிப்புகளை ஒரே தலைமையின் கீழ்க் கொணரும் பொறுப்பு, எச்.எஃப். பிளான்ஃபோர்டு என்ற அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது.

குறிப்புகளைத் தொகுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. இமயமலையில் பனி மிகுதியாகப் பொழிந்த ஆண்டுகளைத் தொடர்ந்து பருவமழை குறைவதை அவர் கவனித்தார். இத்தொடர்பை அடிப்படையாகக் கொண்டு 1886ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளியிடப்பட்டது. ஆராய்ச்சியும் அன்றாடப் பணியும் ஒரே கூரையின் கீழ் நடைபெறும் மரபு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

ஆயினும் ஒரேயொரு காரணத்தை நம்பி இயற்கையைக் கணித்துவிட முடியாது. 1899இல் பருவமழை கடுமையாகப் பொய்த்து மீண்டும் பஞ்சம் வந்தது. அன்றைய முறைகளால் அதனை முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. இந்நிலையில் 1904ஆம் ஆண்டு துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெயர் பெற்ற கணித அறிஞரான அவர், வானிலைக் கல்வியில் தேர்ச்சி பெற்றவர் அல்லர். அதுவே ஒரு நன்மையாயிற்று. உலகின் பல பகுதிகளிலிருந்தும் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அவர் கணக்கிட்டார். கணினி இல்லாத காலத்தில் இக்கணக்குகளை எல்லாம் இந்திய எழுத்தர்களே கையால் போட்டார்கள்.

பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் தாழ்வதும், அங்கே தாழும்போது இங்கே உயர்வதும் இவ்வுழைப்பின் பயனாகத் தெரியவந்தன. தராசின் இரு தட்டுகள் போன்ற இந்த இயக்கத்திற்குத் ‘தெற்கத்திய அலைவு’ என்று வாக்கர் பெயரிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் அது எல் நினோவுடன் பிணைந்தது என்பது புலனாயிற்று. இன்று உலகெங்கும் பேசப்படும் எல் நினோ ஆராய்ச்சியின் வேர்களுள் ஒன்று, இந்திய மழையை அறிய விரும்பிய ஓர் அலுவலகத்தின் கணக்கேடுகளில் இருக்கிறது.

வாக்கரைப் பற்றித் தமிழர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1913ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞரின் கணிதக் குறிப்புகள் அவருக்குக் காட்டப்பட்டன. அவ்விளைஞருக்கு உதவ வேண்டும் என்று வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த எழுத்தர்தாம் சீனிவாச இராமானுஜன்.

துறையின் தலைமையிடம் கல்கத்தாவிலிருந்து சிம்லாவுக்கும், 1928இல் சிம்லாவிலிருந்து புனேக்கும், 1944இல் தில்லிக்கும் மாறியது. புனேயில் அப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கருவிகளும் ஒரு பெண்மணியும்

கணக்கு எவ்வளவு நுட்பமானதாயினும், பேரேட்டில் ஏறும் முதல் பதிவு பிழையானால் இறுதி இருப்பும் பிழையாகும். இது வங்கியில் பணியாற்றும் எங்களுக்கு நன்கு தெரிந்த உண்மை. வானிலையில் அந்த முதல் பதிவைத் தருபவை கருவிகள். விடுதலைக்கு முன் அவற்றுள் பெரும்பாலானவை வெளிநாடுகளிலிருந்தே வந்தன.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அன்னா மணி. கேரளத்தின் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சர் சி.வி. இராமனின் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1948இல் புனே வானிலை அலுவலகத்தில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களை அவர் தரப்படுத்தி, அவற்றை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். அளவீடு தவறாக இருப்பதைவிட அளவீடே இல்லாதிருப்பது மேல் என்பது அவரது உறுதியான கொள்கை. துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வுபெற்ற பின்னரும், சூரிய ஆற்றல், காற்றாற்றல் பற்றிய அளவீடுகளைத் தொகுத்து நூல்களாக்கினார். இன்று காற்றாலைக்கோ சூரிய மின்தகட்டிற்கோ வங்கிக் கடன் பெறும் தொழில்முனைவோர் அவருக்குக் கடன்பட்டவர்களே.

அதே புனேயில் 1932இல் தொடங்கப்பட்ட வேளாண் வானிலைப் பிரிவும் குறிப்பிடத்தக்கது. எல்.ஏ. ராமதாஸ் அதனை வழிநடத்தினார். மண்ணுக்கு ஓரடி மேலே காற்று எவ்வாறு இருக்கிறது, பயிருக்கு எப்போது நீர் தேவைப்படுகிறது என்பன போன்ற கேள்விகள் அங்கே ஆராயப்பட்டன. மேகத்தை நோக்கி நிமிர்ந்திருந்த வானிலை அறிவியலின் பார்வை வயலை நோக்கியும் திரும்பியது அப்போதுதான்.

பிரிந்தும் சேர்ந்தும் இயங்கும் நிறுவனங்கள்

அன்றாட முன்னறிவிப்புப் பணியில் இருப்பவருக்கு நாளைய மழையைப் பற்றிய கவலையே பெரிது. பத்தாண்டுக்குப் பின் பயன்தரும் ஆராய்ச்சிக்கு அவருக்கு நேரமிராது. இதனை உணர்ந்தே 1962இல் புனேயில் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் துறையின் ஓர் அங்கமாக நிறுவப்பட்டு, 1971இல் தன்னாட்சி பெற்றது. கணினி வழியே சில நாள்களுக்கான முன்னறிவிப்பை உருவாக்குவதற்கென 1988இல் தேசிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையம் அமைக்கப்பட்டது. அது இன்று நொய்டாவில் இயங்குகிறது.

2006இல் புவி அறிவியல் அமைச்சகம் உருவானபோது இவை அனைத்தும் ஒரே குடும்பத்தின் கீழ் வந்தன. கடல்சார் தகவலுக்கான ஐதராபாத் நிறுவனமும், கடலில் மிதவைகளை நிறுத்தி அளவெடுக்கும் சென்னைத் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பருவமழை கடலில் பிறப்பதால் கடலின் வெப்பத்தை அறியாமல் மழையைக் கணிக்க இயலாது.

பணிப்பங்கீட்டைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். அளவெடுப்பதும் மக்களுக்கு எச்சரிக்கை விடுப்பதும் வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பு. மேகமும் மழையும் ஏன் இவ்வாறு நடந்துகொள்கின்றன என்று ஆராய்ந்து புதிய கணினி மாதிரிகளை உருவாக்குவது புனே நிறுவனத்தின் வேலை. நிலையம், பலூன், ரேடார், செயற்கைக்கோள் ஆகியவற்றிலிருந்து வரும் அளவீடுகளை மாதிரிகளுக்குள் செலுத்திக் கணிப்புகளை இயக்குவதில் நொய்டா மையம் தேர்ந்தது. ஆராய்ச்சியில் பிறந்த ஒரு மாதிரி நேரடியாகப் பயன்பாட்டுக்கு வந்துவிடுவதில்லை. பழைய முறையோடு அருகருகே இயக்கப்பட்டு, அதன் கணிப்புகள் உண்மையில் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிடப்பட்ட பிறகே அது துறையிடம் ஒப்படைக்கப்படும். எங்கள் மொழியில் கூறினால், தணிக்கை முடியாமல் எந்தக் கணக்கும் ஏற்கப்படுவதில்லை.

பிழையிலிருந்து பெற்ற பாடம்

இத்தணிக்கை எவ்வளவு இன்றியமையாதது என்பதை 2002ஆம் ஆண்டு காட்டியது. 1988 முதல் 16 காரணிகளைக் கொண்ட புள்ளியியல் முறையொன்று பயன்படுத்தப்பட்டு வந்தது. தொடர்ந்து பதினான்கு ஆண்டுகள் பருவமழை இயல்பாகவே அமைந்ததால் அம்முறையின்மீது நம்பிக்கை வளர்ந்தது. 2002இல் 101 விழுக்காடு மழை பெய்யும் என்று அது கூறியது. பெய்ததோ 81 விழுக்காடு. அவ்வாண்டு ஜூலை மாத மழை வழக்கத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2009இலும் அறிவிக்கப்பட்டதற்கும் பெய்ததற்கும் இடையே பெரிய இடைவெளி நேர்ந்தது.

இரு ஆண்டுகளிலும் துறை தன் முறைகளை மறுபரிசீலனை செய்தது. கடந்த கால உறவுகளை மட்டும் நம்பும் புள்ளியியல், புதிய சூழல் வரும்போது தடுமாறும். எனவே கடலையும் வளிமண்டலத்தையும் இயற்பியல் விதிகளின்படி ஒருங்கே இயக்கிப் பார்க்கும் மாதிரிகள் தேவைப்பட்டன. இதற்கென 2012இல் ‘பருவமழைத் திட்டம்’ தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் உருவான ஒரு மாதிரியை எடுத்து, நம் பருவமழைக்கேற்பத் திருத்தும் பணி புனே நிறுவனத்தின் தலைமையில் நடந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றனர்.

என் உழவர் நண்பரின் கேள்விக்கான விடையும் இம்முயற்சியிலிருந்தே கிடைத்தது. ஒருநாள் முன்னறிவிப்புக்கும் நான்கு மாதப் பருவ முன்னறிவிப்புக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு வெற்றிடம் இருந்தது. அடுத்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் மழை தொடருமா, இடைவெளி விழுமா என்பதே விதைப்பவருக்கு வேண்டிய செய்தி. புனே ஆய்வாளர்கள் உருவாக்கிய நீட்டித்த கால முன்னறிவிப்பு முறை துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, இப்போது வியாழக்கிழமைதோறும் வெளியாகிறது. அதனைக் கொண்டு மாவட்ட அளவில் வேளாண் பல்கலைக்கழகங்களும் பிற மையங்களும் தயாரிக்கும் அறிவுரைகள், செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் உழவர்களைச் சென்றடைகின்றன.

புயலில் காத்த உயிர்கள்

ஆராய்ச்சியின் பயனைக் கண்கூடாகக் காண விரும்புவோர் ஒடிசாக் கடற்கரையை நோக்கலாம். 1999ஆம் ஆண்டின் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் உயிரிழந்தனர். 2013இல் அதே கடற்கரையைத் தாக்கிய ‘பைலின்’ புயலின்போது லட்சக்கணக்கான மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளுக்குள் நின்றது. புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டிய மாநில அரசுக்கும், சொன்ன சொல்லை நம்பி வீட்டைவிட்டு வெளியேறிய மக்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் புயல் கரையைக் கடக்கும் என்று துல்லியமாகச் சொல்ல ஒருவர் இல்லாதிருந்தால், அவர்கள் யாரும் உரிய நேரத்தில் புறப்பட்டிருக்க மாட்டார்கள்.

தில்லியிலுள்ள புயல் எச்சரிக்கை மையம் இந்தியாவுக்கு மட்டுமின்றி, இலங்கை, வங்கதேசம், மியான்மர், ஓமன் உள்ளிட்ட வட இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கும் அறிவுரை வழங்குகிறது. 2008 முதல் வங்கக் கடலின் புயல் பருவத்தில் பல நிறுவனங்கள் கூடித் தீவிரமாக அளவெடுத்து ஆராயும் செயல்விளக்கத் திட்டமும் நடத்தப்பட்டது. சென்னையில் நாட்டின் முதல் டாப்ளர் வானிலை ரேடார் 2002இல் நிறுவப்பட்டதும் இக்கடலை நோக்கியே.

செலவும் வரவும்

இத்தனைக்கும் பணம் வேண்டுமே என்று வங்கி வாடிக்கையாளர்கள் கேட்கக்கூடும். 2024 செப்டம்பரில் புனேயிலும் நொய்டாவிலும் ‘அர்கா’, ‘அருணிகா’ என்னும் மீத்திறன் கணினி அமைப்புகள் 850 கோடி ரூபாய் செலவில் தொடங்கிவைக்கப்பட்டன. அர்காவின் திறன் 11.77 பெட்டாஃபிளாப், அருணிகாவின் திறன் 8.24. ஒரு பெட்டாஃபிளாப் என்பது வினாடிக்கு ஆயிரம் லட்சம் கோடிக் கணக்கீடுகள். அதே மாதம் ‘மிஷன் மௌசம்’ என்ற திட்டத்திற்கு இரண்டு ஆண்டுகளுக்கென 2,000 கோடி ரூபாய் ஒப்புதலளிக்கப்பட்டது. 2025 மே மாதம் அறிமுகமான ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ நாட்டை 6 கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது. இதற்கு முன் அக்கட்டம் 12 கிலோமீட்டராக இருந்தது. ஓர் ஊராட்சியின் பரப்புக்கு முன்னறிவிப்பு நெருங்கி வருகிறது என்பதே இதன் பொருள்.

இதன் வரவை எங்கே எழுதுவது? இரண்டாம் முறை வாங்க நேராத விதையில் எழுதலாம்; கடலுக்குச் செல்லாததால் தப்பிய படகில் எழுதலாம்; வாராக்கடனாக மாறாத பயிர்க்கடனிலும் எழுதலாம். வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும், குறித்த நிலையத்தில் பதிவாகும் மழையளவைப் பொறுத்தது. ஆகவே மழைமானியும் ஒருவகையில் நிதி ஆவணமே.

நமக்குப் பயன்படும் சில செய்திகள்

துறையின் எச்சரிக்கைகளில் நான்கு நிறங்கள் உண்டு. பச்சை, நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்பதைக் குறிக்கும். மஞ்சள், விழிப்புடன் செய்திகளைக் கவனிக்கச் சொல்கிறது. ஆரஞ்சு, ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. சிவப்பு, உடனே செயல்படச் சொல்கிறது.

24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வது கனமழை, 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை மிகக் கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. காலை 8.30 மணிக்கு முடியும் 24 மணி நேரமே இதற்குரிய நாளாகக் கொள்ளப்படுகிறது.

‘மௌசம்’ செயலியில் பொதுவான முன்னறிவிப்பையும், ‘மேகதூத்’ செயலியில் வேளாண் அறிவுரைகளையும், ‘தாமினி’ செயலியில் இடி மின்னல் எச்சரிக்கையையும் கட்டணமின்றிப் பெறலாம். பயிர்க்கடன் பெறும் வாடிக்கையாளர்கள் தம் கைபேசி எண்ணை வேளாண் அறிவுரைச் சேவையில் பதிவுசெய்துகொள்வது நன்று.

மீண்டும் அந்த நிறுத்தம்

மராத்வாடாக் கிளையிலிருந்து நான் மாற்றலாவதற்குச் சற்று முன், அவ்வுழவர் மீண்டும் வந்தார். வளையல்கள் மீட்கப்பட்டிருந்தன. ஆனால் அதற்கு இரண்டு பருவங்கள் ஆகியிருந்தன. அவ்வாண்டின் முதல் மழை பெய்திருந்த சமயம் அது. தம் கைபேசியில் வந்திருந்த குறுஞ்செய்தியை என்னிடம் காட்டினார். மழையில் இடைவெளி விழக்கூடும், போதிய ஈரம் சேரும்வரை விதைக்க வேண்டாம் என்று மராத்தியில் அது கூறியது. “காத்திருக்கலாமா, சாகேப்?” என்றார்.

நான் வானிலை அறிஞன் அல்லேன். ஆயினும் இம்முறை, “சில நாள் பொறுத்துப் பாருங்கள்” என்று சொல்லும் துணிவு எனக்கு இருந்தது. அவர் எட்டு நாள் காத்திருந்தார். அந்த எட்டு நாளும் நானும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கிளைக்குச் சென்றேன். அவ்வாண்டு அவர் விதையை ஒருமுறைதான் வாங்கினார்.

எல்லா ஆண்டும் இவ்வாறு அமைந்துவிடும் என்று சொல்ல இயலாது. முன்னறிவிப்பு வாய்ப்பின் அளவைக் கூறுவதேயன்றி வாக்குறுதி அன்று. ஆனால் அந்தக் குறுஞ்செய்தியின் சில வரிகளுக்குப் பின்னே பிளான்ஃபோர்டின் பனியும், வாக்கரின் எழுத்தர்கள் போட்ட கணக்கும், அன்னா மணியின் கருவிகளும், 2002இன் பிழையும் இருந்தன. இப்போது நடத்துநர் ‘சிம்லா ஆபீஸ்’ என்று அழைக்கும்போது எனக்கு வியப்பு எழுவதில்லை. அந்தக் கற்கட்டடத்துக்குள் யாரோ ஒருவர் இன்றைய மழையளவைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருப்பார் என்ற நினைவே எழுகிறது.